கம்பிக்கு ஆர்டர் போடும் முன்: ரூப்புக்கும் புட்டிங்குக்கும் நீங்களே கணக்கு எடுப்பது எப்படி?

மதுரை நாகமலை புதுக்கோட்டையில் ஆயிரம் சதுர அடியில் தரைத்தளம் மட்டும் ஒரு வீடு கட்டினோம். ரூப் கான்கிரீட்டுக்கு முந்தின நாள் மத்தியானம் கம்பி கட்டுகிறவர் வந்து நின்றார். "சார், எட்டு எம்எம் பத்தாது. இன்னும் அறுபது கம்பியாச்சும் வேணும்." அதே நேரம் வாசலில் 16 எம்எம் கம்பி 22 சும்மா கிடந்தது. மேஸ்திரி "சதுர அடிக்கு நாலு கிலோ, ஆயிரத்துக்கு நாலு டன்" என்று வாயால் சொன்னதை அப்படியே கடைக்குச் சொல்லியிருந்தேன். மொத்த எடையில் பெரிய தப்பில்லை. எந்த அளவில் எத்தனை கம்பி என்பதில்தான் கோட்டை விட்டேன். அன்று கேட்ட விலைக்கு அறுபது கம்பி வாங்கி, இராத்திரி பதினொரு மணிவரை லைட் போட்டுக் கட்டினார்கள்.

இரண்டு வருஷம் கழித்து மாடியில் ஒரு அறை எடுத்தபோது நானே கணக்குப் போட்டேன். கூட்டல், பெருக்கல் தெரிந்தால் போதும். ஆனால் ஒன்று: இது கம்பியை எண்ணுகிற கணக்கு மட்டும்தான். எத்தனை எம்எம், எவ்வளவு இடைவெளி என்று முடிவு செய்வது ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியரின் வேலை. அதில் நீங்களும் கை வைக்காதீர்கள், மேஸ்திரியையும் வைக்க விடாதீர்கள்.

1. சரியான வரைபடம் கையில் இருக்கிறதா?

அப்ரூவல் பிளானை வைத்துக் கம்பி எண்ண முடியாது. 2024 ஜூலையிலிருந்து 2,500 சதுர அடி வரையிலான மனையில் 3,500 சதுர அடி வரை கட்டும் வீட்டுக்குச் சுயசான்று முறையில் ஆன்லைனிலேயே அனுமதி கிடைக்கிறது. அது நல்ல வசதி. ஆனால் அதில் இருப்பது அறை அளவும் பக்க இடைவெளியும். கம்பி விவரம் ஸ்ட்ரக்சுரல் டிராயிங்கில்தான் இருக்கும். அதைத் தனியாகக் கேட்டு, தனியாகப் பணம் கொடுத்து வாங்க வேண்டும். எனக்கு எட்டாயிரம் ரூபாய் ஆனது. அந்த 22 கம்பியின் விலையில் அது ஒரு பகுதிதான்.

வாங்கும்போதே பார் பெண்டிங் ஷெட்யூலும் சேர்த்துத் தரச் சொல்லுங்கள். பேச்சுவழக்கில் 'பிபிஎஸ்' என்பார்கள். எந்தக் கம்பி, எத்தனை துண்டு, ஒவ்வொன்றும் என்ன நீளம், எங்கே மடிப்பு என்று வரிசையாக எழுதிய பட்டியல் அது. தர மாட்டேன் என்றால் கீழே உள்ளபடி நீங்களே போடலாம்.

வங்கிக் கடனுக்காகப் போட்ட எஸ்டிமேட்டில் உள்ள டன் கணக்கைக் கடைக்குக் கொண்டுபோகாதீர்கள். அது கடனுக்காக எழுதியது.

பக்கத்து வீட்டு டிராயிங்கும் உதவாது, முக்கியமாக புட்டிங்குக்கு, அதாவது பில்லருக்கு அடியில் குழிக்குள் போடுகிற அஸ்திவாரத்துக்கு. திருமங்கலம், கள்ளிக்குடிப் பக்கம் கரிசல் மண். மழைக்கு உப்பும், வெயிலுக்கு வெடிக்கும். மேலூர்ப் பக்கத்துச் செம்மண்ணில் போட்ட புட்டிங்கை அங்கே கொண்டுபோய் வைத்தால் சுவர் விரிசல் விட்டுத் தப்பைக் காட்டிக்கொடுக்கும். மண்ணைப் பார்த்த இன்ஜினியர் வரைந்ததாக இருக்க வேண்டும்.

2. ஒரே ஒரு சூத்திரம்

கம்பியின் விட்டத்தை (எம்எம்மில்) அதே எண்ணால் பெருக்கி 162-ஆல் வகுத்தால் ஒரு மீட்டர் கம்பியின் எடை கிலோவில் வரும். 8 × 8 = 64; 64 ÷ 162 = 0.395. கடையில் கம்பி 12 மீட்டர் நீளத்தில் வரும், அதாவது நாற்பது அடிக்குக் கொஞ்சம் குறைவு. ஆக,

8 எம்எம்: மீட்டருக்கு 395 கிராம், ஒரு கம்பி 4.74 கிலோ
10 எம்எம்: 617 கிராம், 7.4 கிலோ
12 எம்எம்: 889 கிராம், 10.67 கிலோ
16 எம்எம்: 1,580 கிராம், 18.96 கிலோ

இதைக் காகிதத்தில் எழுதிச் சட்டைப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். வயதான மேஸ்திரிகள் நூல் கணக்கில் பேசுவார்கள். 'மூணு நூல்' என்றால் 10 எம்எம், 'நாலு நூல்' என்றால் 12 எம்எம். போனில் ஆர்டர் சொல்லும்போது எம்எம்மிலேயே சொல்லுங்கள்.

3. ரூப் கணக்கு

என் மாடி அறையையே எடுத்துக்கொள்வோம். ரூப் வெளி அளவு 4 மீட்டருக்கு 5 மீட்டர், கனம் 125 எம்எம், அதாவது ஐந்து அங்குலம். டிராயிங்கில் இருந்தது: குறுக்கே 8 எம்எம் கம்பி 150 எம்எம் இடைவெளியில், நீளவாக்கில் 8 எம்எம் கம்பி 200 எம்எம் இடைவெளியில். இது என் ரூப்புக்கு வரைந்தது. உங்களுடையது வேறாக இருக்கும், எண்ணுகிற முறை மட்டும்தான் ஒன்று.

குறுக்குக் கம்பிதான் மெயின். அது 4 மீட்டர் பக்கமாக ஓடும், 5 மீட்டர் பக்கத்தில் வரிசையாக அடுக்கப்படும். எனவே 5,000 ÷ 150 = 33.3. மேல்நோக்கி முழுதாக்கினால் 34. கடைசிக் கம்பிக்கு ஒன்று கூட்டினால் 35. இந்த ஒன்றைக் கூட்ட மறக்கிறவர்கள் நிறையப் பேர்.

ஒரு துண்டின் நீளம்: 4 மீட்டரில் இரு பக்கமும் கவர் (கம்பியை வெளியே தெரியாமல் மூடுகிற கான்கிரீட்) 20 எம்எம் போக 3.96. இரு முனையிலும் மூன்று அங்குல எல் மடிப்பு, மொத்தம் 15 சென்டி. ஆக 4.11 மீட்டர். முனைக்குப் பக்கத்தில் கம்பி மேலே ஏறுகிற கிராங்குக்குக் கொஞ்சம் கூடும், ஒவ்வொரு வளைவிலும் கம்பி இழுபடுவதால் கொஞ்சம் குறையும். இந்த ரூப்பில் இரண்டும் 6 சென்டி வாக்கில் வந்து சரிக்கட்டிவிட்டன. கனமான ரூப்பில் அப்படி வராது, தனித்தனியாகப் போடுங்கள்.

இங்கேதான் நான் முதலில் ஏமாந்திருப்பேன். 35 × 4.11 = ஏறத்தாழ 144 மீட்டர். 12-ஆல் வகுத்தால் 12 கம்பி. ஆனால் ஒரு கம்பியில் 4.11 மீட்டர்த் துண்டு எத்தனை வரும்? இரண்டுதான். மூன்றாவதற்கு 33 சென்டி குறையும். ஆக 35 துண்டுக்கு 18 கம்பி வேண்டும். கணக்கில் 12, வெட்டும்போது 18. கிலோவில் மட்டும் கணக்குப் போட்டால் இந்த ஆறு கம்பி கண்ணுக்கே தெரியாது.

எல் மடிப்பு இல்லாமல் 3.96-ஆகவே வெட்டினால் ஒரு கம்பிக்கு மூன்று துண்டு வந்துவிடுமே என்று இன்ஜினியரிடம் கேட்டேன். "சுவர் மேல சும்மா உட்கார்ற ரூப்பா இருந்தா யோசிக்கலாம். உங்களுக்கு முனை பீமுக்குள்ள போகுது, மடிப்பு வேணும்" என்றார். சரி என்று விட்டுவிட்டேன். இப்படிக் கேட்பதில் தப்பில்லை. கேட்காமல் வெட்டுவதுதான் தப்பு.

நீளவாக்குக் கம்பி: 4,000 ÷ 200 = 20, ஒன்று கூட்டி 21. நீளம் 4.96 + 0.15 = 5.11. ஒரு கம்பிக்கு இரண்டு துண்டு, 11 கம்பி.

கிராங்க் ஏறிய மேல் கம்பிகளைப் பிடித்து நிறுத்த நான்கு பக்கமும் மூன்று மூன்றாகக் குறுக்கே கம்பி ஓடும். ஆறு 4.96 மீட்டர், ஆறு 3.96 மீட்டர், மொத்தம் 53.5 மீட்டர். இதற்குப் புதுக் கம்பி வாங்கவில்லை. மெயின் வெட்டியதில் 3.78 மீட்டர்த் துண்டு 17 மிஞ்சியிருந்தது. 40 சென்டி ஒட்டுக் கொடுத்து அதிலேயே முடித்தோம்.

மொத்தம் வாங்கியது 29 கம்பி, 137.5 கிலோ. ரூப்புக்குள் போனது ஏறத்தாழ 120 கிலோ. கான்கிரீட் 4 × 5 × 0.125 = 2.5 கன மீட்டர், ஆக கன மீட்டருக்கு 48 கிலோ. 'ரூப்புக்குக் கன மீட்டருக்கு 80 கிலோ' என்று பொதுவாகச் சொல்வதை நம்பியிருந்தால் 200 கிலோ வாங்கியிருப்பேன். அப்படிப்பட்ட கணக்கு ஒரு குத்துமதிப்புக்குத்தான். உங்கள் விடை அதிலிருந்து மலைக்கும் மடுவுக்குமாக விலகினால் திரும்பப் பாருங்கள், அவ்வளவுதான்.

இந்தச் சமயத்தில் மேஸ்திரி "இருநூறுக்குப் பதிலா முந்நூறு வெச்சா போதும் சார், காசு மிச்சம்" என்பார். கான்கிரீட் வேலைக்கான இந்தியத் தர விதி ஐ.எஸ். 456-இன்படி முறுக்குக் கம்பி ரூப்பின் குறுக்குவெட்டில் ஒவ்வொரு திசையிலும் குறைந்தது 0.12 சதவீதம் இருக்க வேண்டும். ஐந்து அங்குல ரூப்பில் 8 எம்எம்மை 300 இடைவெளியில் வைத்தால் அந்தக் குறைந்தபட்சத்தைத் தொட்டுவிடும், உண்மைதான். ஆனால் அது சூட்டுக்கும் சுருக்கத்துக்கும் விரிசல் விடாமல் இருக்க மட்டும் வைக்கிற அளவு. தலைக்கு மேல் நிற்கிற பாரத்துக்கு இன்ஜினியர் போட்ட கணக்கு வேறு.

4. புட்டிங் கணக்கு

மேலூரில் என் மச்சினன் வீட்டுக்கு ஒன்பது குழி. ஒவ்வொரு புட்டிங்கும் 1.2 மீட்டர் சதுரம், 12 எம்எம் கம்பி, இரு பக்கமும் 150 இடைவெளி. மண்ணைத் தொடுகிற இடம் என்பதால் கவர் 50 எம்எம், ரூப்பைப் போல 20 அல்ல.

1,200-இல் கவர் 100 போக 1,100. அதை 150-ஆல் வகுத்தால் 7.3, முழுதாக்கி 8, ஒன்று கூட்டி 9. இரு திசைக்கும் 18 துண்டு, ஒன்பது குழிக்கு 162. நீளம் 1.10, இரு முனை மடிப்பு 15 சென்டி வீதம் 30, வளைவுக்கு 5 சென்டி கழித்தால் 1.35 மீட்டர். ஒரு கம்பிக்கு எட்டுத் துண்டு. 162-ஐ எட்டால் வகுத்தால் 21 கம்பி.

அதையே 1.33-ஆக வெட்டினால் ஒரு கம்பிக்கு ஒன்பது துண்டு, 18 கம்பியோடு முடிந்துவிடும். துண்டுக்கு 2 சென்டி, முனைக்கு ஒரு சென்டி மடிப்புக் குறைவு. மூன்று கம்பி, 32 கிலோ மிச்சம். மச்சினன் வீட்டுக்கு வரைந்த இன்ஜினியர் சரி என்றார். வெட்டும் முன் நாலைந்து கம்பியை டேப் வைத்து அளந்து 12 மீட்டர் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

5. எல்லோரும் மறக்கிற கம்பி

என் வீட்டில் அறுபது கம்பி குறைந்ததற்கு ரூப் காரணமே இல்லை. பில்லர் ரிங்கும் பீம் ரிங்கும்தான், அதாவது நீளக் கம்பிகளைச் சுற்றிக் கட்டுகிற வளையங்கள். மேஸ்திரி கணக்கில் அவற்றை விட்டுவிட்டார்.

9 அங்குலத்துக்கு 12 அங்குலப் பில்லரில் கவர் 40 எம்எம் போக ரிங் 150-க்கு 220. சுற்றளவு 74 சென்டி. கொக்கி கூட்டி, வளைவு கழித்தால் ஒரு ரிங்குக்கு 80 சென்டிக்குச் சற்று மேல். ஒரு 8 எம்எம் கம்பியில் 14 ரிங் வரும். மூன்று மீட்டர் உயரத்துக்கு 150 இடைவெளியில் 21 ரிங். ஒன்பது பில்லருக்கு 189. பதினான்கு கம்பி! இது பில்லருக்கு மட்டும். பிளிந்த் பீம் (தரைமட்டத்தில் ஓடுவது), லிண்டல் (கதவு, ஜன்னலுக்கு மேலே வருவது), ரூப் பீம் ஒவ்வொன்றுக்கும் இதேபோல் எண்ணுங்கள்.

அடுத்தது ஒட்டு. கம்பிமேல் கம்பி ஏறுகிற நீளம் பொதுவாக விட்டத்தைப்போல் ஐம்பது மடங்கு. 16 எம்எம்முக்கு 80 சென்டி. ஒன்பது பில்லரில் நான்கு கம்பி வீதம் 36 ஒட்டு, கிட்டத்தட்ட 29 மீட்டர், 45 கிலோ. டிராயிங்கில் வேறு நீளம் போட்டிருந்தால் அதையே எடுத்துக்கொள்ளுங்கள்.

மற்றபடி சன்ஷேடு, படிக்கட்டு, தண்ணீர்த் தொட்டி மூடி, செப்டிக் டேங்க் மூடி, மேல் கம்பியைத் தாங்க நாற்காலிபோல் வளைத்து வைக்கிற 'சேர்' கம்பி. கட்டுக்கம்பி டன்னுக்கு 8 முதல் 10 கிலோ. எல்லாம் எழுதி முடித்து, அளவுவாரியாகக் கூட்டி, மேலே 3 சதவீதம் சேர்த்தால் ஆர்டர் தயார். துண்டு துண்டாக எண்ணியபின் பத்து சதவீதம் எல்லாம் சேர்க்க வேண்டியதில்லை.

6. கடையில் விலை கேட்பது

விலை வாரத்துக்கு வாரம் மாறும். அதனால் ஒரே நாளில் மூன்று கடையில் கேளுங்கள். நான்கு கேள்வி:

ஜிஎஸ்டி சேர்த்தா, சேர்க்காமலா? 18 சதவீதம். கிலோ 60 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் ஒரு டன்னில் 10,800 ரூபாய் வித்தியாசம்.

எடைக் கணக்கா, கம்பிக் கணக்கா? எடைமேடைச் சீட்டு தருவீர்களா?

வண்டி வாடகை, இறக்குக் கூலி யார் தலையில்?

மிஞ்சினால் திரும்ப எடுப்பீர்களா? இதைப் பில் போடும் முன்பே கேட்டு, பில்லிலேயே எழுதி வாங்க வேண்டும். நான் பிறகு கேட்டேன். "பழைய இரும்பு விலைக்குன்னா எடுத்துக்கிறேன்" என்று பதில் வந்தது.

பில்லில் கிரேடும் (கம்பியின் வலுவைக் காட்டும் தரம்) கம்பெனிப் பெயரும் இருக்கட்டும். டிராயிங்கில் எஃப்இ 500டி என்றால் பில்லிலும் அதேதான் வேண்டும். கம்பிக்கான தர விதி ஐ.எஸ். 1786-இன் முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். கம்பெனிப் பெயர் கம்பியின் மேலேயே புடைத்து இருக்கும். ஆலையின் டெஸ்ட் சர்டிபிகேட்டைக் கேளுங்கள். அதில் உள்ள ஹீட் நம்பரும் (எந்த முறை உருக்கிய இரும்பு என்று காட்டும் எண்) கம்பிக் கட்டோடு தொங்குகிற அட்டையில் உள்ள நம்பரும் ஒன்றாக இருக்க வேண்டும். வேறு லோடின் சர்டிபிகேட்டை நீட்டுவது நடக்கிற விஷயம்.

7. இறக்கும்போது எண்ணுங்கள், ஒரு துண்டு நிறுங்கள்

அவசரத்தில் வாங்கிய அந்த அறுபது கம்பியைக் கம்பிக் கணக்கில் வாங்கினேன், ஒன்றுக்கு 4.74 கிலோ விலை. வேலை முடிந்த பிறகு ஒரு சந்தேகம். மிஞ்சிய துண்டில் சரியாக ஒரு மீட்டர் அளந்து வெட்டி, தெருமுனை மளிகைக் கடைக்குக் கொண்டுபோனேன். அண்ணாச்சி பருப்பு நிறுக்கும் தராசில் வைத்துவிட்டு, "என்னண்ணே, இரும்பும் சில்லறையா விக்க ஆரம்பிச்சிட்டீங்களா?" என்றார். 352 கிராம் காட்டியது. இருக்க வேண்டியது 395.

கொஞ்சம் ஏறக்குறைய இருக்க ஐ.எஸ். 1786-இலேயே இடம் உண்டு. ஒரு துண்டை நிறுத்துப் பார்த்தால் 10 எம்எம் வரை 8 சதவீதமும், 12, 16 எம்எம்முக்கு 6 சதவீதமும், அதற்கு மேல் 4 சதவீதமும் குறையலாம். ஆக ஒரு மீட்டர் 8 எம்எம் 363 கிராமுக்குக் கீழே, 10 எம்எம் 568-க்குக் கீழே, 12 எம்எம் 835-க்குக் கீழே, 16 எம்எம் 1,485-க்குக் கீழே இருந்தால் இறக்க விடாதீர்கள். எனக்குக் கம்பிக்கு அரைக் கிலோ வீதம் முப்பது கிலோ போனது. காசு போனதைவிட, அந்த மெலிந்த கம்பி இப்போது தலைக்கு மேல் இருப்பதுதான் உறுத்தல். இன்ஜினியர் டிசைனைத் திரும்பப் பார்த்துவிட்டுப் பயமில்லை என்றார். ஆனால் அன்று அவர் போட்ட சத்தம் எனக்குத் தேவைதான்.

எடைக் கணக்கில் வாங்கினாலும் எண்ணுங்கள். சீட்டில் உள்ள எடையைக் கம்பி எண்ணிக்கையால் வகுத்தால் ஒரு கம்பியின் எடை தெரிந்துவிடும். எடை சரியாக இருந்து கம்பி அதிகமாக இருந்தால் சந்தோஷப்படாதீர்கள், கம்பி மெலிவு என்று அர்த்தம்.

சந்துக்குள் இருக்கும் வீடு என்றால் சின்ன வண்டிக்காகக் கம்பியைப் பாதியில் மடித்துக் கொண்டுவருவார்கள். மடித்த இடம் திரும்ப நேராக வருவதில்லை. 8 எம்எம்மில் அந்த இடத்தை வெட்டி ரிங்குக்கு ஒதுக்கலாம். 12-க்கு மேல் மடிக்காமல் அனுப்பச் சொல்லுங்கள், கூடுதல் வாடகை ஆனாலும் பரவாயில்லை.

8. எப்போது வாங்குவது?

நாலு டன்னையும் ஒரே நாளில் இறக்கியது என் அடுத்த தப்பு. ரூப் வருவதற்குள் ஐப்பசி மழையில் நனைந்து துருவேறியது. தேய்த்துச் சுத்தம் செய்யத் தனிக் கூலி. புட்டிங்குக்கும் பில்லருக்கும் ஒரு லோடு, பிளிந்த் பீமுக்கு ஒன்று, லிண்டலுக்கும் ரூப்புக்கும் ஒன்று என்று பிரித்து வாங்குங்கள். ஒவ்வொரு லோடிலும் எது மிஞ்சியது என்று எழுதி வைத்தால் அடுத்த ஆர்டரில் கழித்துக்கொள்ளலாம். கம்பி கட்டும் நாளுக்கு மூன்று நாள் முன்பு இறங்கினால் போதும். தரையில் படாமல் கட்டை மேல் அடுக்கி, தார்ப்பாய் போட்டு மூடுங்கள்.

நாள் குறிக்கும்போது சித்திரைத் திருவிழாவைப் பார்த்துக்கொள்ளுங்கள். அழகர் ஆற்றில் இறங்குகிற வாரத்தில் கம்பி கட்டவும் ஆள் வர மாட்டார்கள், வண்டியும் ஊருக்குள் நுழையாது. ஆடியில் புது வேலை தொடங்குகிறவர்கள் குறைவு. பேரம் பேச அது நல்ல மாதம்.

கான்கிரீட்டுக்கு முந்தின நாள் காலையிலேயே இன்ஜினியரை வரவழைத்து டிராயிங்கோடு ஒப்பிட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். சாயங்காலம் வந்தால் குறையைச் சொன்னாலும் திருத்த நேரம் இருக்காது. கவர் பிளாக் வைத்திருக்கிறார்களா, கம்பி பலகையில் ஒட்டிக் கிடக்கிறதா என்று நீங்களே குனிந்து பாருங்கள். கட்டி முடித்த கம்பியைச் செல்போனில் படம் எடுத்து வையுங்கள். பின்னால் பேன் கொக்கிக்கும் ஏசி பைப்புக்கும் துளை போடும்போது உதவும்.

9. மிஞ்சியதை என்ன செய்வது?

இரண்டு மீட்டருக்கு மேல் உள்ள துண்டைப் பழைய இரும்புக்குப் போடாதீர்கள். லிண்டலுக்கும் சன்ஷேடுக்கும் ஆகும். முழுக் கம்பியாக மிஞ்சினால் பக்கத்தில் வீடு கட்டுகிறவரிடம் பில்லைக் காட்டி விற்கலாம். கடை விலையில் கொஞ்சம் குறைத்தாலே எடுத்துக்கொள்வார்கள். என் 22 கம்பியில் பதினாறு மாடி அறையின் பில்லருக்குப் போனது. மீதி ஆறில் என் மனைவி கொல்லையில் புடலைப் பந்தல் போட்டுவிட்டாள். மதுரையிலேயே 16 எம்எம்மில் நிற்கிற புடலைப் பந்தல் எங்கள் வீட்டில்தான் இருக்கும்.